குலசேகரன் வைத்த பலகை

“எனக்குச் சொல்லித்தராத ஏதோ ஒண்ணை ஜெபராணிக்குச் சொல்லிக்கொடுத்துட்டீங்க டீச்சர்.”

வகுப்பறைக்குள் வந்ததும் வராததுமாகக் குலசேகரன் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சர் சுகந்திக்கு இருபத்தொன்பது. பாளையங்கோட்டையில் இணையதளம் அமைக்கச் சொல்லித்தருகிறாள். அவளுடைய முதல் மாணவர் இவர். கடைசியாகச் சேர்ந்தவள் ஜெபராணி.

இருவரும் நடத்துவது ஒரே மாதிரித் தளம். மிக்ஸி ஓடவில்லை, கிரைண்டர் சுற்றவில்லை என்றால் வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் வரும் விளம்பரம்தான் இரண்டு தளத்துக்கும் சோறு.

சுகந்தி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். “என்ன ஆச்சு அண்ணாச்சி?”

“என் தளத்துக்கு வாரவன்ல பாதிப் பேரு விளம்பரத் தடுப்பான் போட்டுட்டு வாரான். விளம்பரம் அவன் கண்ணுக்கே தெரியாது. சும்மா படிச்சுட்டுப் போறான்.”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

இந்தக் கேள்விக்காகவே வந்தவர் மாதிரி குலசேகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பக்கத்துல ஒரு வெறும் பெட்டி வச்சிருக்கேன். விளம்பரம்னு அதுக்குப் பேரு. தடுப்பான் பேரைப் பார்த்து ஏமாந்து அதைத் தூக்கிரும். பெட்டியைக் காணோம்னா ஆளு மாட்டினான்.”

“மாட்டினா?”

“பக்கத்தையே மறைச்சு ஒரு பலகை. ‘தடுப்பானை நிறுத்து. இல்லை, வெளியே போ.’”

“நிறுத்துதாவளா?”

“எங்க? வெளிய போயிருதான். நேரா அவகிட்ட.”

சொல்லும்போதே அவருக்கு வயிறு எரிந்தது. அது பொறாமைதான் என்று அவருக்கே தெரியும், ஒத்துக்கொள்ளத்தான் மாட்டார். தினமும் காலையில் பல் தேய்க்கிறதுக்கு முன்னால் ஜெபராணியின் தளத்தைத் திறந்துவிடுவார். ஒரு வரி விடமாட்டார். கீழே நாற்பது பேர் அவளுக்கு நன்றி சொல்லியிருந்த அன்று அவருக்கு இட்லி இறங்கவில்லை.

“அவளும் தடுப்பானைக் கண்டுபிடிக்கா. ஆனா பலகை கிடையாது. பக்கத்துக்கு அடியில ரெண்டே வரி. அதைப் படிச்சுட்டு அவனவன் அவ தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்துதானாம். நான் அஞ்சு வருஷமா எழுதுதேன் டீச்சர். இந்த மாசத்தோட தளத்தை மூடிரலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி அந்தத் தந்திரத்தை மட்டும் சொல்லிருங்க.”

சுகந்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“லேப்டாப்பைத் திறங்க. உங்க தளத்துக்குப் போங்க.”

போனார். பக்கம் பளிச்சென்று வந்தது.

“பாருங்க டீச்சர், எதுல குறை?”

“உரிமையாளரா லாகின் பண்ணி உள்ள இருக்கீங்க. உங்களைப் பலகை மறிக்காது. வெளியேறிட்டு, மத்தவங்க வாரது மாதிரி வாங்க.”

பலகை வைத்த நாளிலிருந்து அவர் அப்படி வந்ததே இல்லை. வெளியேறினார். மறுபடி திறந்தார்.

திரை முழுக்கப் பலகை.

தடுப்பானை நிறுத்து. இல்லை, வெளியே போ.

குலசேகரனுக்குக் காது சுட்டது.

“தடுப்பான்... அது மத்த தளத்துக்காகப் போட்டது டீச்சர். எதைத் திறந்தாலும் ஒரே தொல்லை.”

சுகந்தி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“இப்ப ஜெபராணி தளத்துக்குப் போங்க.”

போனார். மேலே குக்கர் விளம்பரம். ஓரத்தில் குடை விளம்பரம். இரண்டுக்கும் நடுவில் அவள் எழுதியது.

“இங்க மட்டும் எப்படி விளம்பரம் வருது?”

“தடுப்பானை எந்தெந்தத் தளத்துக்கு நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு ஒரு பட்டியல் இருக்கும். பாருங்க.”

பட்டியலைத் திறந்தார். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

ஜெபராணியின் தளம். என்றைக்கோ அவரே சேர்த்தது.

“அந்த ரெண்டு வரி என்ன அண்ணாச்சி?”

அவருக்கு அது மனப்பாடம். தலை நிமிராமலே சொன்னார்.

“‘உங்கள் மிக்ஸி ஓடியதா? ஓடியிருந்தால், இந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பானை நிறுத்திவைக்க முடியுமா?’”

“ஓடிச்சா?”

“ஓடிச்சு” என்றார்.