தும்பலூரில் நடிகர் எடுத்த கதை

தும்பலூர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கதான்" என்று தங்கள் காலடியைக் காட்டுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் போய்ச் சேர உதவாது.

அந்த ஊரில் கலாரஞ்சனி நாடக மன்றம் என்று ஒன்று உண்டு. வருஷா வருஷம் சித்திரையில் நாலு நாடகம் போடுவார்கள். எழுதுவதும் இயக்குவதும் கோமதிநாயகம் அண்ணாச்சி. இந்த வருஷம் பார்த்து அவருக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் திருநெல்வேலியில் மகள் வீட்டில் படுத்திருக்க வேண்டும். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை, வேறு ஆள் இல்லாமல், வீரபாகுவிடம் விட்டுப் போனார்.

வீரபாகு பதினோரு வருஷம் திரைச்சீலைக் கயிறு இழுத்தவர். இந்த வருஷம்தான் மன்றத்தின் செயலாளர். பஸ் ஏறும் முன் அண்ணாச்சி சொன்னதை ஒரு வரி விடாமல் தாளில் எழுதிக்கொண்டார்.

"முகத்தைப் பாத்து ஆளை எடுக்காதியும். கடைசி வரிசைக்குக் குரல் கேக்கணும். முக்கியமா, நடிக்கான்னே தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன் வேண்டாம். நான் வரும்போது கதாநாயகனோட சேத்துப் பன்னெண்டு பேரு தயாரா இருக்கணும். இல்லன்னா நீரு பழையபடி கயித்தைப் பிடிக்கப் போயிரும்வே!"

கடைசி வாக்கியத்துக்குக் கீழே வீரபாகு இரண்டு கோடு போட்டார். கயிற்றுக்குத் திரும்பிப் போக அவருக்குத் துளியும் மனசில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். வீரபாகு, ஒப்பனைக்காரர் சப்பாணிமுத்து, உடுப்புப் பெட்டிச் சாவியை வைத்திருந்த செண்பகவடிவு. கல்யாண மண்டபத்தில் கூடி முதல் வரியைப் படித்தார்கள்.

"முகத்தைப் பாக்கக் கூடாதுன்னா வேற எதைப் பாக்க?" என்றார் சப்பாணிமுத்து. முப்பது வருஷமாக முகத்தை மட்டுமே பார்த்துப் பிழைத்தவருக்கு இது பெரிய அடி.

"செவுத்தைப் பாப்போம்" என்றாள் செண்பகவடிவு. "செவுத்துக்கு முகம் கிடையாதுல்லா."

அது நியாயமாகவே பட்டது. மூன்று நாற்காலிகளைச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"கடைசி வரிசையில ஒருத்தர் இருக்கணுமே?" என்று சப்பாணிமுத்துவுக்குக் கவலை வந்தது.

வீரபாகு யோசித்தார். "நமக்கு அந்தப் பக்கம் வேற வரிசை இருக்கா?"

"இல்ல."

"அப்ப இதுதான் கடைசி வரிசை."

"முதல் வரிசை எங்க?"

"அதைப் பத்தி அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல."

முதல் நாள் இருபத்திநாலு பேர் வந்தார்கள். அதில் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாயே திறக்காமல் சோகத்தைக் கண்ணிலும் விரலிலும் காட்டக் கூடியவர். கால் மணி நேரம் உருகி உருகிக் காட்டினார். சுவரைப் பார்த்திருந்த மூவரும் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, "ஆள் வரவில்லை" என்று எழுதிக்கொண்டார்கள். மற்ற இருபத்திமூன்று பேரும் வசனத்தை முழங்கினார்கள். முழங்கியதால் நடிக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. ஒருவரும் தேறவில்லை.

மறுநாள் மாசிலாமணி வந்தார். ரேஷன் கடையில் அரிசி நிறுப்பவர். நிஜமாகவே நன்றாக நடிப்பார், பாவம். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தகப்பனாக அவர் அழுத அழுகையில் செண்பகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"என்னமா நடிக்கான்!" என்று வீரபாகு வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "மாசிலாமணி, நீரு நடிச்சது தெரிஞ்சு போச்சு. வேண்டாம்."

மாசிலாமணி போய்விட்டார். சாயங்காலம் வாசலில் ஒரு முரட்டுக் குரல் கேட்டது. "மண்டபத்துக் கொத்தனார் பேசுதேன். கூரை விரிசல் விட்டிருக்கு, ஓடுங்க, ஓடுங்க!"

மூவரும் அலறிக்கொண்டு ஓடினார்கள். அப்போதும் யார் முகத்தையும் பார்த்துவிடக் கூடாதே என்று சுவரையே பார்த்தபடி பக்கவாட்டில் ஓடி, தூணில் ஒருவர், ஒருவர்மேல் மற்றவர் என்று மோதித்தான் வெளியே வந்தார்கள்.

"பயப்படாதீங்க, நான் மாசிலாமணி. சும்மா நடிச்சேன். நம்பிட்டீங்கள்லா? எடுத்துக்கிடுங்க."

"சொல்லாம இருந்திருந்தா எடுத்திருப்போம்வே" என்றார் வீரபாகு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "இப்பத்தான் தெரிஞ்சு போச்சே."

"சொல்லலன்னா நடிச்சது நாந்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மூவரும் அண்ணாச்சி சொன்ன தாளை மேலிருந்து கீழே படித்துப் பார்த்தார்கள்.

"அது உம்ம பாடு" என்றார் சப்பாணிமுத்து.

ஆனால் அந்தக் கேள்வி வீரபாகுவின் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. நடிப்பது தெரிந்தால் அவன் வேண்டாம். அப்படியானால் எவன் நடிப்பது கொஞ்சமும் தெரியவில்லையோ அவனே நடிகன். இது புரிந்ததும் அவருக்குத் தன்மேலேயே மரியாதை வந்தது.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரை ராஜாவாக எடுத்தார்கள்.

"ஐயா, நான் மீட்டர் பாக்க வந்தவன்!"

"கேட்டியளா?" என்று செண்பகவடிவு பூரித்தாள். "இப்பங்கூட விட்டுக்கொடுக்க மாட்டேங்காரு!"

வழி கேட்க வந்தவர் மந்திரி ஆனார். தண்ணீர் கேன் போட வந்தவர் சேனாதிபதி. காணாமல் போன ஆட்டைத் தேடி வந்த பேச்சி மகாராணி. தேடிய ஆடும் மண்டபத்துக்குள்ளேயே இருந்தது. அது துளிகூட நடிக்கவில்லை என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடே இல்லை. அதையும் சேர்த்து ஒன்பதாம் நாள் பதினோரு பேர் ஆகிவிட்டார்கள். கதாநாயகன் மட்டும் அமையவில்லை.

பத்தாம் நாள் காலை மூவரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீரபாகு தன் கையைப் பார்த்தார். கயிறு இழுத்த காய்ப்பு இன்னும் அப்படியே இருந்தது. அப்போது வாசலில் ஒரு இருமல். தரையில் கைத்தடி இரண்டு தட்டு.

"வே வீரபாகு!"

மூவரும் துள்ளி எழுந்து சுவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"அண்ணாச்சி! அதுக்குள்ள வந்துட்டியளா?"

"கண்ணு தேறிட்டு. எத்தனை பேரு ஆச்சு?"

"பதினொண்ணு. கதாநாயகன் மட்டும்..."

"ரேஷன் கடை மாசிலாமணியைப் போடும்."

"அவரு நடிக்கது தெரிஞ்சு போச்சே அண்ணாச்சி."

"நான் சொல்லுதேம்லா? எழுதும். ம்... பரவால்லவே, நல்லாச் செஞ்சிருக்கீரு. உம்மைப் போயி இத்தனை வருஷம் கயித்தோட கட்டிப் போட்டிருந்தேனே, என்னைச் சொல்லணும்."

பேசியது மாசிலாமணிதான். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிகிறது. அவர் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்பதை நன்றாகப் படித்திருந்தார். வீரபாகுவோ சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் விம்மினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரிடம் நன்றாகச் செய்தாய் என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் நிஜமான கோமதிநாயகம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். உள்ளே மீட்டர்காரர் அட்டைக் கிரீடத்தோடு உட்கார்ந்து, டூட்டிக்குப் போக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆடு மந்திரியின் தாடியைத் தின்றுகொண்டிருந்தது. புதுக் கதாநாயகன் மாசிலாமணி தூணுக்குப் பின்னால் பதுங்கினார்.

"ஏ மடப்பயலுவளா! கூறுகெட்ட மூதேவிகளா! என்னவே செஞ்சு வச்சிருக்கிய?" என்று மண்டபம் அதிரக் கத்தினார் அண்ணாச்சி.

சுவரைப் பார்த்தபடி மூவரும் கூர்ந்து கேட்டார்கள்.

"யாரோ நம்ம அண்ணாச்சி மாதிரி நடிக்கான்" என்றார் சப்பாணிமுத்து.

"குரலு கொஞ்சம் ஒத்து வருது" என்றாள் செண்பகவடிவு. "ஆனா இருமல் எங்க? தடி எங்க?"

"அண்ணாச்சி காலையிலயே வந்து, என்னைப் பாராட்டிட்டுல்லா போனாவ" என்றார் வீரபாகு. "அவ்வோ இப்படி ஏசவா செய்வாவ? நடிக்கது அப்பட்டமாத் தெரியுது. வேண்டாம் தம்பி, போயிட்டு வாரும்."

கோமதிநாயகத்துக்கு இது புதுசு. நாற்பது வருஷ மேடை அனுபவத்தில் அவருடைய நடிப்பு சரியில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"எந்த இடத்துல சரியில்ல?" என்றார் மெதுவாக.

மாசிலாமணிக்கு மனசு பொறுக்கவில்லை. அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப் போனார். "அண்ணாச்சி, எடுத்ததும் கத்தக் கூடாது. முதல்ல ஒரு இருமல். அப்புறம் தடியை ரெண்டு தட்டு. 'வே'யைக் கொஞ்சம் இழுங்க. நான் செஞ்சு காட்டுதேன், பாருங்க."

மாசிலாமணியின் தடியை வாங்கிக்கொண்டு அண்ணாச்சி நாலு தடவை ஒத்திகை பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே வந்தார். இருமினார். தட்டினார்.

"வே... வீரபாகு!"

குழு தலைகளைச் சேர்த்துக்கொண்டு நெடுநேரம் கூடிப் பேசியது. கடைசியில் வீரபாகு தாளை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினார்:

"பதின்மூன்றாவது ஆள். பெயர் தெரியவில்லை. காலையில் வந்த அண்ணாச்சி அளவுக்கு இல்லை. இருந்தாலும், அண்ணாச்சியால் வர முடியாத நாட்களில் அவருக்குப் பதிலாக இவரை வைத்துச் சமாளிக்கலாம்."