நரி கேட்ட இலை

ஒரு காட்டில் அரசர் என்று யாரும் கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதிபர் தேர்தல் நடக்கும். போட்டியிடும் ஒவ்வொரு விலங்குக்கும் ஓர் இலைதான் சின்னம். தனக்குப் பிடித்தவரின் இலையைப் பறித்துவந்து பாறைக்குழியில் போட்டால் அது ஓட்டு.

அந்த முறை புள்ளிமான் ஆலிலையைக் கேட்டது. நரி கேட்டதோ ஆடுதொடா இலை!

"போயும் போயும் அந்தக் கசப்பு இலையா?" என்று குரங்கு சிரித்தது.

"எளியவனுக்கு எளிய இலை போதும் தம்பி," என்றது நரி. "குழிக்குக் காவலாக நம் வெள்ளாட்டை வைக்கலாமே! அதற்கு இங்கே சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. யார் பக்கமும் சாயாது."

எல்லா விலங்குகளும் தலையாட்டின. மந்தையிலிருந்து வழி தவறி வந்த வெள்ளாட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காட்டில் அதை 'நம்' என்று ஒருவர் சொன்னது அன்றுதான்.

மூன்று நாள் ஓட்டுப்பதிவு. காவலை விட்டு நகரக் கூடாது. இரண்டாம் நாள் பசி பொறுக்காமல் ஆடு ஓர் இலையைக் கடித்தது. பிறகு இன்னொன்று. ஆடு எந்த இலையைத் தின்னும், எதைத் தொடாது என்று உங்களுக்கே தெரியும் பிள்ளைகளே. நரிக்கும் தெரியும்.

கரடி எண்ணிப் பார்த்தது. ஆலிலை ஏழு, ஆடுதொடா இலை நாற்பது. நரி அதிபரானது.

"நாங்கள் போட்ட இலைகள் எங்கே?" என்று காடே திரண்டு நரியின் குகை முன்னால் நின்றது. ஆடு உண்மையைச் சொல்ல வாயெடுத்தது. 'சொன்னால் என்னை ஒதுக்கிவிடுவார்களே! மறுபடியும் தனியாகிவிடுவேனே!' என்று பயந்து வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் கூட்டம் இரட்டிப்பானது. நரி தனக்குக் காவலாக வைத்திருந்த ஓநாய்களை ஏவியது. அவை பாய, கூட்டம் சிதறி ஓட, அந்த நெரிசலில் முயலின் குட்டி மிதிபட்டுச் செத்தது.

ஆட்டுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஆலிலைகளைத் தின்றது நான்தான்! பசியில் நான்தான் தின்றேன்!" என்று கதறியது.

நரியின் தந்திரம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. காட்டெருமைகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு முன்னே வந்தன. ஓநாய்கள் ஓடின. அவற்றுக்கு முன்னால் நரி ஓடியது.

முயல் மட்டும் ஆட்டிடம் வந்தது.

"இதை நேற்றே சொல்லியிருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமே, ஆட்டண்ணே?"



மறுதேர்தலில் மான் வென்றது. ஆட்டை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஆற்றில் அது தண்ணீர் குடிக்க வரும்போது மட்டும், மற்ற விலங்குகள் தாகம் தீர்ந்துவிட்டதுபோல் கரையேறிப் போய்விடும்.

நீதி: தனித்துவிடுவோம் என்று அஞ்சி உண்மையை மறைத்தவருக்குத் தனிமையே மிஞ்சும்.