நானூற்றுப் பன்னிரண்டு சம்மதம்

மோடம் கீச்சிட்டால்தான் இன்டர்நெட் வரும் என்றிருந்த காலம். முகம் பார்க்காமலே மெயில் குழுவில் கூடி, இலவசத் தமிழ் எழுத்துரு ஒன்று செய்துகொண்டிருந்தோம். அதில் "கொ" அடித்தால் கொம்பு தனியே பிய்ந்து நிற்கும். சங்கரன்கோவில் பிரவுசிங் சென்டரில் வேலைபார்த்த கோமதி அதைச் சரிசெய்து அனுப்பினாள்.

ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் அரங்கநாதன் எழுதினார்: "குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் சம்மதித்தால்தான் இந்தத் திருத்தத்தை எழுத்துருவில் சேர்ப்பேன்."

பாதிப்பேர் மெயிலைத் திறந்தே வருஷமாகியிருந்தது.

கோமதி பழைய மெயில்களைத் துழாவிவிட்டுப் பதில் போட்டாள்: "ஐயா, 'மூன்று நாளாக யாரும் மறுக்காததால் இனி நானே ஒருங்கிணைப்பாளர்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தேன். எனக்கும் அந்த மூன்று நாள் போதும். இல்லை, எல்லாருடைய சம்மதமும் வேண்டுமென்றால், உங்கள் பதவிக்கும் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்."

பத்தே நிமிஷத்தில் சேர்த்துவிட்டார்.

அந்தக் குழு கலைந்து வெகுநாளாயிற்று. "கொ" மட்டும் இன்னும் பிரியாமல் நிற்கிறது.