பூங்காவனம் பொறுக்கிய கைக்கோடரி

தப்பு நடந்தால் அதை அடுத்தவன் தலையில் கட்டுவதுதான் ஊரில் வழக்கம். இந்தக் கதையில் தலைகீழ். இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு "தப்பு என்னுடையது" என்கிறார்கள். மூன்றாவது ஆள் வாயே திறக்கவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். பாதியில் முந்திரிக்கொட்டை மாதிரி குதிக்காதீர்கள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் கொளஞ்சி என்று ஒருவன். வேலியோரம் நிற்கிற தொடைப்பருமன் வெப்பாலை மரங்களைக் நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரர்களிடம் விலை பேசி வெட்டி, மத்தும் அகப்பையும் செதுக்கி விற்பான். இருபது வருசத் தொழில். அவன் கோடரியை ஓங்கி நின்றால் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அந்தப் பெருமை அவனுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

தை மாதத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. பெரிய கோடரியைத் தூக்கினால் கை வெடவெட என்று நடுங்கியது. நான்கு மாதம் வீட்டில் முடங்கினான். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

அவன் மனைவி பூங்காவனம்தான் வழி சொன்னாள். "சின்னக் கோடரி ஒண்ணு இருந்தா பொழைச்சுக்கலாம் மாமா. வாங்க, ஆசாரிகிட்டப் போவோம்."

"நீயே போ" என்றான்.

ஏன் போகவில்லை தெரியுமா? ஏகாம்பர ஆசாரியின் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு. கோடரியை ஓங்கப்போகிறவன் நேரில் வந்து, வாசலில் கிடக்கும் புளியங்கட்டையில் மூன்று வெட்டு வெட்டிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து, அவன் கையால் முழம் போட்டுத்தான் ஆசாரி காம்பு அறுப்பார். நாலு பேர் பார்க்க நடுங்குகிற கையோடு நிற்பதா? கொளஞ்சிக்கு உயிர் போய்விடும்.

பூங்காவனம் தனியாகப் போய் நின்றாள். "கை வராம காம்பு போட மாட்டேம்மா" என்றார் ஆசாரி. அவள் அழுதுவிட்டாள். மனுசன் இளகிவிட்டார்.

மூன்று கோடரித் தலைகளை எடுத்து வைத்தார். ஒன்று ஒன்றரைக் கிலோ. மரம் சட்டென்று சாயும், ஆனால் அந்த மணிக்கட்டு தாங்காது. இன்னொன்று கால் கிலோ. அகப்பை குடையலாம், மரத்தை வெட்ட ஒரு நாள் ஆகும். பூங்காவனம் மூன்றாவதை எடுத்துக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். முக்கால் கிலோ இருக்கும், வெட்டுகிற வாய் மெலிசு. சின்ன மரமும் விழும், செதுக்கவும் செதுக்கலாம்.

"நல்லாத்தான் பொறுக்குற" என்று ஆசாரி அவள் கையாலேயே ஒரு முழம் போட்டுக் காம்பை மாட்டினார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார்:

"நல்லாக் கேட்டுக்க. குட்டைக் காம்பை நின்னு வீசக் கூடாது. குறி தப்பினா நேரா கால்லதான் எறங்கும். மண்டி போட்டு வெட்டச் சொல்லு. தப்பினாலும் மண்ணுல போயிடும்."

வீட்டில் கொளஞ்சி அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். உட்கார்ந்த இடத்தில் ஓர் அகப்பையைச் செதுக்கி முடித்தான். நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் சிரித்தான். "அடி சக்கை! எப்படிடி இதைப் பொறுக்கினே?"

ஆசாரி சொன்னது அவள் தொண்டைவரை வந்தது. நின்று வெட்டிப் பேரெடுத்தவனிடம் மண்டி போடு என்றால் அந்தச் சிரிப்பு போய்விடுமே! நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

மறுநாளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம், கொளஞ்சி கோடரியோடு பஸ் ரோட்டோரத்து வெப்பாலைக்குப் போய்விட்டான். எட்டு மணி பஸ் வந்து அங்கே நின்றது. இறங்கியவர்கள் கண்ணெதிரே கோடரி மரத்தில் வழுக்கி, அவன் இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. நின்றுகொண்டுதான் வீசினான் என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். அதே பஸ்ஸில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த இடத்துக் காட்டுக்காரர் பிறகு போய் மரத்தைப் பார்த்தார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆழமான, சுத்தமான புது வெட்டு. பாதி மரம் அறுந்திருந்தது. இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு கீறல்.

கால் பிழைத்தது. நரம்பு அறுந்ததால் இனி கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டுமாம். ஆசாரி வந்து, "கை வராம காம்பு போட்டேன், என் தப்பு" என்று கண் கலங்கினார். பட்டறையையே பூட்டிவிட்டார். பூங்காவனம் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "சொல்லாம விட்ட பாவி நான்தான் மாமா" என்று பத்து நாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறாள். சோறு இறங்கவில்லை. ஊரும் அவளைத்தான் ஏசுகிறது. கொளஞ்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

கட்டுப்பாட்டை மீறிய ஆசாரியா, சொல்லாமல் மறைத்த பூங்காவனமா, நின்று வீசிய கொளஞ்சியா? இதில் குற்றம் யாருடையது?

விடை: கொளஞ்சியுடையது. ஒரு முழக் காம்பை வைத்துக்கொண்டு நின்றபடி ஒரு சாண் உயரத்தில் வெட்ட முடியாது. அப்படியென்றால் முதலில் அவன் மண்டி போட்டுத்தான் வெட்டியிருக்கிறான். யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பஸ் வந்து நின்றதும், ஆட்கள் பார்க்கிறார்களே என்று எழுந்து நின்று ஓங்கினான். பூங்காவனம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் எழுந்துதான் இருப்பான். போகட்டும், ரோசக்காரன், காலில் வெட்டிக்கொண்டதை மன்னித்துவிடலாம். ஆனால் "எனக்குத் தெரியும் புள்ள, உன்மேல தப்பில்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் சோறு தின்பாள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பத்து நாளாக அவளை அழவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறானே, அதை எப்படி மன்னிப்பது?