குதிருக்குள் இல்லாத தாலி

மொட்டைப்பாறை ஆட்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்வார்கள். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. அந்த ஊருக்கு இருக்கிற கஷ்டமே அது ஒன்றுதான்.

அந்த ஊர் மாதப்பனுக்கு அக்கா மகள் கல்யாணம். பெண் பேர் செவ்வந்தி. மாப்பிள்ளை முனிரத்தினம், ஓசூரில் கம்பெனி வேலை. தாய்மாமன் என்கிற முறையில் தாலியைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மாதப்பனுக்கு வந்தது.

"டேய், இதை மட்டும் ஒழுங்காப் பாத்துக்கோ. இதுக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் உனக்கு அக்கா இல்ல, நீ எனக்குத் தம்பி இல்ல" என்று சொல்லித்தான் சின்னத்தாயி கொடுத்தாள். மாதப்பனுக்கு இருப்பது ஒரே அக்கா. அன்றிலிருந்து தாலியை இடுப்பில் முடிந்துகொண்டு, அது நசுங்கிவிடுமோ என்று உட்கார்ந்தே தூங்கினான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாப்பிள்ளை போன் பண்ணினான்.

"மாமா, கல்யாணத்துல குடத்துக்குள்ள மோதிரத்தைப் போட்டுத் தேடுவோமில்ல? அதையே கொஞ்சம் பெருசாப் பண்ணலாமா? ஒரு பொருளை டப்பாவுல போட்டு எங்கியாவது ஒளிச்சிடுங்க. இடத்தைக் கதையா எழுதி, கதைக்குள்ள விடுகதை மாதிரி வெச்சுடுங்க. நாங்க படிச்சுட்டுத் தேடறோம்."

"ஆகட்டும் மாப்ளே. என்ன பொருள்?"

"கல்யாணத்துக்கு வேணும்கறது ஏதாச்சும். தண்ணி போகாத டப்பாவா பாருங்க. இடம் யாருக்கும் தெரியக் கூடாது. உள்ளே ஒரு நோட்டு போடுங்க, கண்டுபிடிச்சவங்க அதுல கையெழுத்துப் போடணும். அப்புறம் இது முக்கியம் மாமா, உள்ளே இருக்கறதை எடுத்தா, அதுக்குச் சமமா இன்னொண்ணை வெச்சுட்டுத்தான் போகணும். அதுதான் சட்டம்."

சட்டம் என்றதும் மாதப்பன் எழுந்து நின்றுகொண்டான்.

ஒண்டியாகச் செய்கிற காரியமா இது? பங்காளிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டான். ஒருவன் குள்ளப்பன், அஞ்சாங்கிளாஸ் வரை படித்தவன், அதிலும் அஞ்சாங்கிளாஸை மட்டும் மூன்று தரம் படித்தவன். இன்னொருவன் காவேரன். அவன் படிக்கவில்லை, ஆனால் யோசிப்பான்.

"கல்யாணத்துக்கு வேணும்கற பொருள் எது?" என்றான் மாதப்பன்.

"சோறு" என்றான் காவேரன்.

"சோறு இல்லாம கல்யாணம் நடக்கும். திட்டுவாங்க, அவ்வளவுதான். எது இல்லாட்டி நடக்காது?"

மூன்று பேரும் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் யோசித்துவிட்டு, ஒரே சமயத்தில் மாதப்பன் இடுப்பைப் பார்த்தார்கள்.

மாதப்பன் இடுப்பைப் பொத்திக்கொண்டான். "அக்கா பத்திரமா வெச்சுக்கச் சொல்லியிருக்கா."

"யாருக்குமே தெரியாத இடத்துல வெக்கறதைவிடப் பத்திரம் வேற உண்டாடா?" என்றான் குள்ளப்பன். மாதப்பன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான்.

அடுத்தது டப்பா. பிஸ்கட் டப்பாவை இறுக்கி மூடித் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்க, தண்ணீருக்குள்ளேயே வைத்துத் திறந்தார்கள். போயிருந்தது. பால்பவுடர் டப்பாவிலும் போயிருந்தது. எவர்சில்வர் தூக்குப்போசியிலும் போயிருந்தது.

"இந்தக் காலத்து டப்பா எதுவும் சரியில்ல" என்றான் குள்ளப்பன்.

அப்போதுதான் காவேரன் யோசித்தான். "தண்ணியே இல்லாத இடத்துல வெச்சிட்டா, எந்த டப்பாவா இருந்தா என்ன?"

அவனை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்கள். சின்னத்தாயி வீட்டு உள்ளறையில் நெல் கொட்டி வைக்கிற குதிர் இருந்தது. நெஞ்சு உயர மண்குதிர், அதில் கால்வாசி நெல். மேலே வாய், அதற்கு ஒரு பலகை மூடி. கீழே நெல் எடுக்க ஒரு ஓட்டை. தண்ணீர் பக்கத்தில்கூட வராது.

ஆனால் இடம் யாருக்கும் தெரியக் கூடாதே? மாதப்பன் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அவன் விழுந்துவிடாமல் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்களுக்கும் தெரியக் கூடாது என்று அவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு சுவரையும் ஒரு மோர்ப்பானையையும் தாண்டிக் குதிர் வந்தது. தாலியும் நோட்டும் வைத்த பிஸ்கட் டப்பாவை மாதப்பன் உள்ளே போட்டான்.

"எந்த இடம்னு தெரியல. ஆனா நெல்லுமேல விழுந்த சத்தம் கேட்டுச்சு" என்றான்.

"சொல்லித் தொலைக்காதே! இப்ப எங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு பாரு."

அதனால் கதையை எழுதி முடித்த கையோடு இடத்தை மறந்துவிடுவதாகக் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள். குள்ளப்பன் எழுதிய கதை இது:

'ஒரு ஊரில் ஒரு ராணி. அவளுக்கு வயிறு பெரிசு. கை கால் கிடையாது. வருசத்துக்கு ஒரு தரம்தான் சாப்பிடுவாள். ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தினமும் சோறு போடுவாள். அவள் வயிற்றில் டப்பா இருக்கிறது.'

மாதப்பன் படித்துவிட்டுப் பயந்துபோனான். "இது சுலபமா இருக்கேடா. மாப்ளே ஓசூர்க்காரரு, உடனே கண்டுபிடிச்சிடுவாரு. கடைசியில ஒரு வரி சேரு."

குள்ளப்பன் சேர்த்தான்: 'டப்பா குதிருக்குள் இல்லை.'

கல்யாணத்தன்று காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். ஒன்பதே முக்காலுக்கு ஐயர் தாலியைக் கேட்டார். எல்லோரும் சின்னத்தாயியைப் பார்த்தார்கள். சின்னத்தாயி தம்பியைப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்குது அக்கா."

"எங்கடா?"

"அது யாருக்கும் தெரியாது."

சின்னத்தாயி கத்தினாள். அந்தச் சத்தத்தில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். "முகூர்த்தம் தப்பினா எம் பொண்ணு மணையில இருந்து சும்மா எந்திரிக்கணும்டா, பாவி! இன்னையோட நீ யாரோ நான் யாரோ!"

மூன்று பேரும் கதையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"வயிறு பெரிசு, கை கால் இல்ல. சமையல் அண்டாவா இருக்குமோ?" என்றான் காவேரன். அண்டாவுக்குள் கரண்டி விட்டுத் துழாவினார்கள். சாம்பார்தான் இருந்தது.

"வருசத்துக்கு ஒரு தரம்னா கோயில் உண்டியல்" என்றான் மாதப்பன்.

"உண்டியல் எங்கடா சோறு போடுது?"

"குள்ளப்பா, எழுதினவன் நீதானே? விடையைச் சொல்லேன்டா, எங்கக்கா போயிடுவா."

"எழுதறப்போ தெரிஞ்சுது. அப்புறந்தான் சத்தியம் பண்ணி மறந்துட்டேனே" என்றான் குள்ளப்பன். அவனும் அழுகிற மாதிரிதான் இருந்தான்.

மணி பத்து ஆனது. மாப்பிள்ளையே எழுந்து வந்து கதையை வாங்கிப் படித்தான்.

"குதிர் மாமா, குதிர்."

"கடைசி வரியைப் பாருங்க மாப்ளே. குதிருக்குள் இல்லைன்னு எழுதியிருக்குது."

"யார் எழுதினது?"

"நாங்கதான்."

"அப்புறம் என்ன?"

"நாங்க பொய் எழுதுவோமா?"

மணையில் இருந்த செவ்வந்தி தலையை நிமிர்த்தினாள். "மாமா, நீங்க மூணு பேரும் குதிர் தவிர எல்லா இடத்துலயும் தேடுங்க. குதிருக்குள்ள இவரு பாக்கட்டும்."

இது நியாயமாகப் பட்டது. மூன்று பேரும் மாட்டுக்கொட்டகைக்குப் போனார்கள். மாப்பிள்ளை குதிருக்குள் கையை விட்டு டப்பாவைத் திறந்து, தாலியை மட்டும் எடுத்துக்கொண்டான். பத்து இருபதுக்குத் தாலி ஏறியது. சின்னத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய்த் தொலை, நீ எந்தம்பிதான்" என்றாள். மாதப்பனுக்கு மூன்று நாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு ஏப்பம் வந்தது.

பாயசம் குடிக்கும்போதுதான் அவனுக்குச் சட்டம் நினைவு வந்தது.

"தாலியை எடுத்தாச்சு. சமமா ஒண்ணும் வெக்கலையேடா!"

"தாலிக்குச் சமமா என்னத்தை வெக்கறது?" என்றான் காவேரன். "அக்கா வளையல்?"

"வளையலும் தாலியும் ஒண்ணா? தாலி எதுக்கு அடையாளம்? புருசனுக்கு" என்றான் குள்ளப்பன். "அப்ப தாலிக்குச் சமம்?"

மூன்று பேரும் பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

"மாப்ளே, நோட்டுல கையெழுத்துப் போடலியே. நோட்டு இன்னும் குதிருக்குள்ளதான் கிடக்குது" என்று மாதப்பன் பணிவாகக் கூப்பிட்டான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வந்து குதிருக்குள் குனிந்தான். மூன்று பேரும் அவன் காலை மரியாதையாகத் தூக்கி உள்ளே விட்டார்கள். பசிக்கு இரண்டு லட்டு போட்டார்கள். காற்றுக்கு ஒரு விரல் சந்து விட்டுப் பலகையை மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்தார்கள். வெளியே மேளச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போகக் கார் வந்தது. "மாமா, அவரு எங்கே?" என்றாள் செவ்வந்தி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிய முகத்தோடு மாதப்பன் அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தான். அதே ராணி, அதே வயிறு. கடைசி வரி மட்டும் புதுசு: 'மாப்பிள்ளை குதிருக்குள் இல்லை.'

செவ்வந்தி படித்துவிட்டு நேரே உள்ளறைக்கு நடந்தாள். மாதப்பன் குறுக்கே வந்து நின்றான்.

"எழுதியிருக்குது பாரு தாயி. அங்க இல்ல. வா, கிணத்தடியில பாக்கலாம்."

உள்ளே குதிர் தும்மியது. நெல்தூசி அப்படித்தான், ஒரு தும்மலோடு நிற்காது. மாதப்பன் குதிர்ப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மாப்ளே, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."