வரிசையில் வைத்த வெள்ளைக் கல்

மாலை நான்கு மணி இருபது. மூன்றாம் நாளாக மழை தூறிக்கொண்டிருந்தது. மடத்து விறகு முழுவதும் நனைந்துவிட்டது.

"கட்சிகள் அடித்துக்கொள்கின்றன. கடையில் அரிசி இல்லை, எண்ணெய் இல்லை. இந்தச் சனம் இன்னும் சிதறாமல் இருப்பது எப்படி, அம்மா?"

கேட்டவர் பேரம்பலம். வயது அறுபத்தெட்டு. புள்ளிவிபர அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு மடத்துக்கு வந்தவர். அவருடைய குரு நாச்சியாரம்மைக்கு வயது நாற்பத்தைந்துதான்.

"வீடிழந்த இருபத்திரண்டு பேர் இங்கே இருக்கிறார்கள், ஐயா. நாளைக் கஞ்சிக்கு மண்ணெண்ணெய் வேண்டும். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் ஒரு கல் வைத்துவிட்டு வாருங்கள்."

அதுதான் ஊர் வழக்கம். எண்ணெய் காலையில் வரும். முதல் நாள் மாலையிலேயே ஆளுக்கொரு கல் வரிசையில் இருக்கும். ஆள் வீட்டுக்குப் போகலாம். கல் நிற்கும்.

பேரம்பலம் வெள்ளைக் கல் ஒன்றை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"யாருக்குப் பின்னால் வைத்தீர்கள்?"

"இருபத்தொன்றாவது இடம், அம்மா."

"யாருக்குப் பின்னால்?"

"அதைக் கவனிக்கவில்லை."

"அப்படியானால் இன்னும் வைக்கவில்லை."

அவருக்கு விளங்கவில்லை. மூன்று முறை எண்ணியல்லவா வைத்தார்.

விளக்கேற்றும் நேரத்தில் இரண்டு கட்சிக்காரரும் சந்தியில் மோதிக்கொண்டார்கள். எறிவதற்கு அவர்கள் கைக்கு அகப்பட்டது அந்த வரிசை. ஒரு கல் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. தூறல் விட்டிருந்தது. தெருவெங்கும் கற்கள் கிடந்தன. கடைவாசல் வெறுமையாக இருந்தது.

சனம் வந்தது. ஒருவரும் கல்லைத் தேடவில்லை.

"எனக்குப் பின்னால தச்சுவேலைக் கந்தப்பர்."

"எனக்கு முன்னால அன்னக்கிளி அக்கா. அக்கா, தள்ளி நில்லுங்கோ."

ஒருவர் பின் ஒருவராக வரிசை வளர்ந்தது.

"நான் இருபத்தொன்று," என்றார் பேரம்பலம்.

"ஆர் எண்ணினது? நீங்களோ?"

சிரிப்பு எழுந்தது. அவர் ஓரமாக ஒதுங்கினார். இருபது பேர் நின்றுவிட்டார்கள்; கடைசியில் கந்தப்பர்.

"இன்னும் ஒராளுக்குத்தான் எண்ணெய் காணும்," என்று உள்ளிருந்து கடைக்காரர் கூவினார்.

அடுத்து நிற்க வந்தவர் மீன் விற்கும் பூரணம். வந்தவர் நிற்கவில்லை.

"எனக்கு முன்னால இந்தக் கண்ணாடி ஐயா. வாங்கோ ஐயா, இதில நில்லுங்கோ."

பேரம்பலம் நின்றார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே?"

"உங்கட வெள்ளைக் கல்லை முதல்ல தூக்கி எறிஞ்சவன் என்ர மூத்தவன். எனக்கு மறக்குமே?"

"அந்தக் குற்றத்துக்காகவா?"

"அவன்ர குற்றத்தை அவன் பாக்கட்டும். உங்களை விட்டிட்டு, நான் ஆருக்குப் பின்னால நிக்கிறது?"

கந்தப்பர் தம் எண்ணெய்க் கானைச் சைக்கிளில் கட்டினார். கடைக்காரர் கதவைச் சாத்தினார். பூரணம் வெறும் போத்தலை மீன்கூடைக்குள் வைக்கப் போனார். பேரம்பலம் கையை நீட்டி அதை வாங்கினார்.

மடத்தில் குரு கானைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

"யாருக்குப் பின்னால் நின்றீர்கள்?"

"கந்தப்பருக்குப் பின்னால். பூரணத்துக்கு முன்னால்."

குரு அடுப்பை மூட்டினார். அன்று கஞ்சி அரைவேக்காட்டில் இறங்கியது.