பெருமாள் வேட்டியில் படித்துறைச் சேறு

தாமிரவருணி வளைந்து திரும்பும் இடத்தில் மணற்கரை என்றோர் ஊர். அந்த ஊர்ப் பெருமாளுக்கு வேட்டி வெளுத்துக் கொடுத்தவர் வடிவம்மையார். ஊரார் துணிகளை மூட்டையாகத் தலையிலும், பெருமாளுடைய ஒற்றை வேட்டியைத் தனி ஓலைப்பெட்டியில் இடுப்பிலும் சுமந்துகொண்டு விடியற்காலையில் படித்துறைக்கு வந்துவிடுவார். முதலில் பெருமாள் வேட்டி. அது முடிந்து மணலில் விரித்த பிறகுதான் மனிதர்களுடைய அழுக்கைத் தொடுவார்.

கோயிலுக்குள் அவர் கால் வைத்ததில்லை. அந்தக் காலத்து வழக்கம் அவரைப் பின்வாசலோடு நிறுத்திவிட்டது. பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். பட்டர் எடுத்துக்கொண்டு, முந்தின நாள் உடுத்திய வேட்டியைப் போட்டுவிட்டுப் போவார். பெருமாள் முகத்தை அவர் பார்த்ததெல்லாம் திருவிழாவில், அதுவும் எட்ட நின்று. இதைப் பற்றி யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். "மொகத்தப் பாக்குதவுக நல்லாப் பாக்கட்டும். அவுக கட்டுத வேட்டி தெனமும் எங்கையிலல்லா இருக்கு" என்பார்.

அந்த வேட்டியைத் துவைக்கும்போது மட்டும் அவர் பாடுவார்.

அவருடைய குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இளவயதில் மற்றப் பெண்களைப்போல மெல்லிய குரல்தான் இருந்ததாம். ஓர் ஆடி மாதத்தில் ஊரில் வாந்திபேதி வந்து அவருடைய கணவரையும் ஒரே மகளையும் அடுத்தடுத்து வாரிக்கொண்டு போயிற்று. மகளுடைய சிற்றாடையை அவரே துவைத்து, அவளுக்கே கட்டி அனுப்பினார். அதன் பிறகு வெகுநாள் அவர் வாய் திறக்கவில்லை. பிறகொரு விடியலில் பெருமாள் வேட்டியைக் கல்லில் அடிக்கையில் தன்னை அறியாமல் பாட்டு வந்தது. வந்த குரல் பழைய குரல் இல்லை. அடித்தொண்டையிலிருந்து கரகரத்து, கனத்து, கீழேயே நடந்தது. கேட்டவர்களுக்கு நெஞ்சை யாரோ கையால் அழுத்துவதுபோல் இருந்தது.

கல்லில் துணி விழும் ஓசைதான் அவருக்குத் தாளம். ஆனால் அந்தத் தாளத்தோடு அவர் சேர்ந்து போகமாட்டார். அடி முன்னே விழுந்துவிடும், குரல் பின்னால் சாவகாசமாக வரும். தவறவிட்டார் என்று கேட்கிறவர் பதறும் நேரத்தில், அடுத்த அடி விழுமுன் நழுவி வந்து உட்கார்ந்துகொள்ளும். பாடிய பாட்டை அப்படியே மறுபடி பாடுவதும் கிடையாது. நேற்று அழுத சொல்லில் இன்று கொஞ்சுவார். நேற்றுக் கொஞ்சிய இடத்தில் இன்று பெருமாளோடு சண்டைக்கு நிற்பார். "எம்புள்ளையக் கேட்டனே, காதுல விழலையா" என்ற ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வேட்டி வெளுக்கும்வரை பாடியதும் உண்டு.

இதையெல்லாம் கேட்க ஒரு சபை இருந்தது. சுண்ணாம்புக் காளவாசலில் இரவெல்லாம் சிப்பி சுட்டுவிட்டு வீடு திரும்பும் மாடத்தி, விறகு வண்டி ஓட்டும் குத்தாலம், அக்கரைக்குத் தோணி தள்ளும் இசக்கி. அவ்வளவுதான் சபை. இல்லை, இன்னொருவரும் உண்டு. ஆற்றுக்குள் இறங்கும் கடைசிப் படி உடைந்து கருஞ்சேறு கட்டிக் கிடக்கும். அதில் போய், கால்களைத் தண்ணீரில் விட்டு, நம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பாட்டு முடிந்து நிமிர்ந்து பார்த்தால் போயிருப்பார். மற்ற மூவரும் பேசிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் பேசாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் அந்த மூவரும் கேட்டுவிட்டுச் சும்மா போகிற ரகம் இல்லை. "நேத்துப் பாடுனா பாரும், அதுல்லா பாட்டு" என்பார் குத்தாலம். "போம்வே, நேத்து நீரு பாதித் தூக்கத்துல இருந்தீரு. இன்னைக்கு அந்தக் கடைசி இழுப்புல தோணிய அவுக்கவே மறந்துட்டேன்" என்பார் இசக்கி. மாடத்தி இரண்டு பேரையும் அதட்டுவாள். "ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க. எங்க மைனி பாடுதத இந்த ஊரு கேக்கலியேன்னு நான் வெந்து சாவுதேன்."

அந்த வேக்காடு தாங்காமல்தான் ஓர் ஏகாதசியன்று மாடத்தி அம்மையாரைப் பஜனை மடத்துக்கு இழுத்துப் போனாள். வெளியே ஜன்னலோரம் நின்று அவர் மெதுவாகக் கூடப் பாடினார். உள்ளே இருந்தவர் சாரநாத பாகவதர். ஜரிகை அங்கவஸ்திரமும் ஏலக்காய் மணக்கும் வாயுமாக ஊர்ச் சங்கீதமெல்லாம் தம்மிடம் அடகிருப்பதாக நினைப்பவர். ஜால்ராவைச் சட்டென்று நிறுத்தினார்.

"யாரது எருமை கனைக்கறது? தாளம் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்! துணி அடிக்கிற கையோட போய்ப் படுத்துக்கச் சொல்லுங்கோ."

மடமே சிரித்தது. மாடத்தி சண்டைக்குப் பாய்ந்தாள். அம்மையார் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுக சொல்லுததும் சரிதான், மாடத்தி. நான் அவுகளுக்கா பாடுதேன்? நான் வேட்டிக்கில்லா பாடுதேன்" என்று சொல்லி நடந்தார். வழியில் அவர் அழுததை மாடத்தி பார்த்தாள். மறுநாள் விடியலில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் அன்று தொழிலுக்குப் போகவில்லை என்பார்கள்.

பெரிய துன்பம் அதற்குப் பிறகு வந்தது. அதுவரை களைந்த வேட்டியை இருட்டிலேயே சுருட்டிப் போட்டுவந்த பட்டர் ஒரு காலையில் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது ஓரத்தில் கருஞ்சேறு ஒட்டியிருந்தது. கருவறையின் ஒற்றை விளக்கில் அந்தி நேரத்தில் உடுத்தும்போது கவனித்திருக்க முடியாது. வெளுத்தவள் கவனக்குறைவு என்று நினைத்தார். அவர் கெட்டவர் அல்லர், பெருமாள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அதனாலேயே அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"வடிவு, இதைப் பாரு. படித்துறைச் சேறு. பெருமாள் திருமேனியில சாத்தறதும்மா."

அம்மையார் வேட்டியை எடுத்துக்கொண்டு நேரே படித்துறைக்குத் திரும்பினார். அன்று வேட்டியை இரண்டு முறை வெள்ளாவி வைத்தார். உலர்ந்ததும் சூரியனுக்கு நேரே பிடித்து ஓரமெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். மறுநாளும் சேறு. பட்டினி கிடந்து துவைத்தார். அப்போதும் சேறு. தன் கண் மங்கிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். யார்மேலும் பழி போட அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் பட்டர் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. "வயசாயிடுத்தும்மா. இனிமே வேற ஆளை வெச்சுக்கறேன். மனசுல வெச்சுக்காதே" என்றார். குரலில் கடுமை இல்லை. கடுமை இருந்திருந்தால் அம்மையார் தாங்கியிருப்பார் போலும். வெறும் இடுப்போடு எப்படி நடப்பதென்று தெரியாமல் பின்வாசலில் வெகுநேரம் நின்றார்.

வேறொருவர் வெளுக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து வேட்டி ஓரம் பளிச்சென்று இருந்தது; ஒரு துளிச் சேறு இல்லை. இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? ஊர் பேசியது, பாகவதர் தலையாட்டிக்கொண்டார். அம்மையாரே நம்பிவிட்டார். "இத்தன வருசமும் அழுக்கத்தான் உடுத்தக் கொடுத்திருக்கேன், மாடத்தி. அவுக பொறுத்துக்கிட்டாவ" என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அவர் பாட்டு நின்றது. ஊரார் துணிகளை மட்டும் ஊமையாக அடித்துவிட்டுப் போவார். மூவரும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து, துணிச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். கடைசிப் படி காலியாகக் கிடந்தது. சில மாதத்தில் அம்மையார் படுத்துவிட்டார். கஞ்சி இறங்கவில்லை. மாடத்தி மடியில் தலையை வைத்துக்கொண்டு ஒரு நாள், "ஆத்தப் பாக்கணும் போல இருக்கு" என்றார்.

விடியலில் குத்தாலம் விறகு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார். மூன்று பேருமாக அவரைத் தூக்கித் துவைகல்லில் சாய்த்து உட்காரவைத்தார்கள். ஆற்றின்மேல் பனி படர்ந்திருந்தது.

குத்தாலம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அக்கா, நாங்க ஒண்ணும் இல்லாத சனம். ஒம் பாட்டக் கேட்டுத்தான் இத்தன நாளும் வண்டி ஓட்டுனேன். எம்பொண்டாட்டி போனப்ப என்னைய நிமுத்தி வச்சது அந்தப் பாட்டுதான். ஒரே ஒரு அடி பாடேன்."

"எந்த வேட்டிக்கு அய்யா பாட? எங்கையில வேட்டி இல்லையே" என்றார் அம்மையார்.

இசக்கி மெல்லக் குனிந்து, தம் தலைத்துண்டை அவிழ்த்து நனைத்துக் கல்லில் அடித்தார். ஒரு அடி. இன்னொரு அடி. பழைய அதே சத்தம். அம்மையாரின் உதடு அசைந்தது. அடி விழுந்து வெகுநேரம் கழித்து, இனி வராது என்று மாடத்தி வாயைப் பொத்திக்கொண்ட பிறகு, அந்தக் குரல் கீழேயிருந்து எழுந்து வந்தது. "அழுக்கா உடுத்தக் கொடுத்தேனே, அய்யா, பொறுத்தீரே" என்று பாடினார். அதே வரியைத் திருப்பித் திருப்பி, கேட்டும் கெஞ்சியும், கடைசியில் குழந்தைக்குச் சொல்வதுபோலவும் பாடினார். கடைசிப் படியில் அந்தப் பேசாதவர் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தாரென்று யாரும் பார்க்கவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கின.

பாட்டு முடிந்தது. இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "குத்தாலம், அழுதாவளே, அவுக உம்ம சொந்தமா, வே?"

"எனக்கா? உம்ம தோணியில வாரவருன்னுல்லா நெனச்சிருந்தேன்."

இருவரும் மாடத்தியைப் பார்த்தார்கள். "காளவாசல்ல அப்படி ஒருத்தரும் கிடையாதே" என்றாள் அவள். படியில் யாரும் இல்லை. சேற்றில் இரண்டு பாதங்கள் மட்டும் பதிந்திருந்தன.

அந்நேரம் கோயில் பக்கமிருந்து பட்டர் ஓடிவந்தார். மேலில் துண்டில்லை. கையில் பெருமாள் வேட்டி, முழங்கால் அளவுக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, ஓரமெல்லாம் கருஞ்சேறு. முந்தின அந்தியில் அவரே விளக்கை அருகில் வைத்துப் பார்த்து உடுத்திய வேட்டி அது. ஆற்றுப் பக்கமிருந்து அம்மையார் பாட்டு காதில் விழுந்து ஓய்ந்தபின் கதவைத் திறந்தபோது சன்னிதியிலிருந்து வாசல்வரை ஈரம்.

அம்மையார் வேட்டியைக் கண்டு பயந்துபோனார். எழுந்திருக்க முயன்று, முடியாமல் கைகளைக் கூப்பினார். "சாமி, நான் தொடலயே சாமி. இத நான் வெளுக்கலயே."

பட்டர் அந்த ஈரப் படியிலேயே அவர் முன் விழுந்தார். "நீ வெளுத்ததுல என்னிக்குமே அழுக்கில்லை, தாயே. நீ பாடறதைக் கேக்க அவர் இங்க வந்து உக்காந்திருக்கார். என் கண்ணுக்குச் சேறு தெரிஞ்சது, அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியலை. பாட்டை நிறுத்தினது நான். அவரைப் பட்டினி போட்டது நான்."

பட்டர் வேட்டியை அம்மையார் மடியில் வைத்தார். அம்மையார் அதைப் புரியாமல் பார்த்தார். வழக்கம்போல ஓரத்தை விரலால் தடவினார். பிறகு கடைசிப் படியைப் பார்த்தார். "கேட்டீரா?" என்று மட்டும் சொன்னார். சேற்று ஓரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாழ்ந்த முகம் மீண்டும் நிமிரவில்லை. மாடத்தி கூப்பிட்டுப் பார்த்தாள், பிறகு அலறினாள்.

அந்த வேட்டியையே போர்த்தி அவரைக் கொண்டுபோனார்கள். பட்டர் முன்னே நடந்தார். பாகவதர் வந்தாரா என்று கேட்பவர்கள் உண்டு. வந்தார், கடைசியில் நடந்தார், பாடவில்லை.

மணற்கரைப் பெருமாளுக்கு இப்போதும் விடியலில் வேட்டி மாற்றுமுன் படித்துறையிலிருந்து ஒரு விரல் சேறு எடுத்துவந்து ஓரத்தில் தொட்டு வைக்கிறார்கள். அந்த நேரத்தில் மேளமில்லை, மணியில்லை. ஒருவர் வெறுங்கல்லில் ஈரத்துணியை ஒரு முறை அடிப்பார். அதன்பின் சற்று நேரம் எல்லோரும் பேசாமல் காத்திருப்பார்கள். ஆண்டவனைப் படியிறக்கிச் சேற்றில் உட்காரவைத்த அந்தக் கரகரத்த குரலுக்கு உரியவர், நம் வடிவம்மையார், வாழ்க.